அந்த அறைக்கு மேலே ஒரு தோட்டம்

மொட்டை மாடியில் செடி வைக்க எனக்கு அனுமதி கிடைத்தபோது கூடவே ஒரு மிரட்டலும் கிடைத்தது. மிரட்டியவர் எங்கள் பிளாட்டின் மூன்றாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் பெண்மணி. குடியிருப்போர் கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். என்னை மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், நீங்க இன்னா செடி வேணா வெச்சிக்கோங்க. ஆனா என் வூட்டு சீலிங்ல ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சிச்சி, அத்தினியும் கீழ எறங்கிடணும். அந்த ரூம்லதான் எங்க வூட்டுக்காரர் படுத்துக்கினு கீறாரு. இப்பவே சொல்ட்டேன்."

"சரி" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். யாராவது விரலை நீட்டிப் பேசினால் அந்த விரலைப் பற்றியே நாலு வார்த்தை பேசுகிற ஆள் நான். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றதற்குக் காரணம், அந்த மாடி எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த ஆபீஸை மூடிவிட்டார்கள். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கும்போதே வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. எங்கள் வீடு பெசன்ட் நகரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடி. பால்கனியில் நின்றால் அடுத்த கட்டடத்தின் பாத்ரூம் ஜன்னல் தெரியும். வெயில் என்பதே எட்டிப் பார்க்காது. அங்கே நாளெல்லாம் அடைந்து கிடந்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? சிலிண்டர் போடுகிறவரிடம் சண்டை, வேலைக்கு வரும் அம்மாவிடம் சண்டை, டிவியில் செய்தி வாசிக்கிறவரிடம்கூடச் சண்டை. ஒருநாள் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செடி வையேன். எவ்வளவு திட்டினாலும் எதிர்த்துப் பேசாது."

கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்துக்கொண்டது.

தை மாதம் ஆரம்பித்தேன். அது தெரிந்து செய்ததில்லை, குருட்டு அதிர்ஷ்டம். சென்னையில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் கொம்பு சீவிக்கொண்டு வந்திருக்காது. தக்காளியும் கொத்துமல்லியும் முள்ளங்கியும் சொன்ன பேச்சைக் கேட்டு வளரும். நமக்குக் கைராசி இருக்கிறது என்று நம்பிவிடுவோம். நானும் நம்பினேன். மாசி முடிவதற்குள் ரசத்துக்குத் தக்காளி மாடியிலிருந்தே வந்தது. அதைச் சொல்லாமல் ஒருவருக்கும் நான் ரசம் ஊற்றியதில்லை.

மாடியில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எனக்குத் தேர்வு இருக்கவில்லை. கிழக்குப் பாதி முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ்களும். மேற்குப் பாதியில் யாரோ எந்தக் காலத்திலோ துணி காயப்போட நட்டுவைத்த இரும்புக் குழாய்கள் இருந்தன. பச்சை நிழல்வலை கட்ட அவை தோதாக இருந்தன. மேற்குப் பாதி என்றால் மூன்றாம் மாடிப் பெண்மணியின் வீட்டில் அந்த அறைக்கு நேர் மேலே. அவருக்கு அது ஒரு குறை. நான் வேண்டுமென்றே செய்ததாகவே நினைத்தார்.

அவர் கணவர் கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போய்விட்டது. அந்த அம்மா வீட்டிலேயே தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டார். கட்டடத்தில் எல்லோருடைய ஜாக்கெட்டும் அவரிடம்தான். என்னுடையதும் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. விரலை நீட்டின அன்றிலிருந்து அடையாற்றில் வேறு டெய்லரிடம் கொடுத்தேன். அந்த டெய்லருக்குக் கை சரியாக வெட்ட வராது. அக்குள் பிடிக்கும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீம்பாக நடமாடினேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தது அந்த மிரட்டல்தான். ஒரு சொட்டு ஈரம் என்ற பயம் இல்லாவிட்டால், நானும் எல்லோரையும் போலச் செம்மண்ணை மூட்டை மூட்டையாகக் கொட்டி, பைகளைத் தரையில் நேராக வைத்து, தினம் இரண்டு வேளையும் குளிப்பாட்டியிருப்பேன். பயந்ததால் படித்தேன், விசாரித்தேன். மண் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தால் பை பாதி எடைதான் வரும், வேரும் மூச்சு விடும். கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. பைக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினால் கீழே காற்று ஓடும், தரை காயும். தண்ணீர் ஊற்றுமுன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கிடையாது. செடி காய்ந்து சாவதைவிட நம் பாசத்தால் அழுகிச் சாவதுதான் அதிகம்.

காலையில் நான் தண்ணீர் ஊற்றி முடிக்கும் நேரம் பார்த்து அந்த அம்மா துணி காயப்போட வருவார். துணி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பைகளுக்கு அடியில் பார்ப்பார். செங்கலுக்குக் கீழே கையால் தடவிக்கூடப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தக்காளியில் பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

சித்திரை வந்தது. தக்காளிப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது, கொத்துமல்லி பூத்துப்போய் முடிந்தது. அதெல்லாம் வெயிலின் வேலை, புரிந்தது. ஆனால் கீரை, மிளகாய், செம்பருத்தி எல்லாவற்றின் இலை ஓரமும் கருகிக்கொண்டே வந்தது ஏன் என்று புரியவில்லை. வெயில்தான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் கருகியது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு அப்போது பெருமை வேறு. வீட்டில் குடிதண்ணீருக்கு ஆர்ஓ மெஷின் இருக்கிறது. அது ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க அதைவிட அதிகமாக வெளியே தள்ளும். அந்தத் தள்ளுகிற தண்ணீரைச் சொட்டு விடாமல் பிடித்து, படியேறித் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினேன். சென்னைக்காரிக்குத் தண்ணீரைக் கொட்ட மனசு வராது. லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற கைகள் இவை. எத்தனை பேரிடம் இந்தச் சிக்கனத்தைப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

ஒருநாள் மிளகாய்ப் பையில் மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்தேன். பூஞ்சையாக்கும் என்று சுரண்டினேன். பொரபொரவென்று வந்தது. என்ன தோன்றியதோ, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடற்கரையை ஒட்டின ஊரில் போர்வெல் தண்ணீரே கரிக்கும். அதிலிருந்து நல்லதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மெஷின் துப்புகிற மிச்சம் எப்படி இருக்கும்? மாதக்கணக்காகச் செடிகளுக்கு உப்பு ஊட்டியிருக்கிறேன்.

"செடி வளர்க்கறேன்னுதானே சொன்ன? ஊறுகாய் போட்டிருக்கியே" என்றார் வீட்டுக்காரர்.

பிறகு ஏசி தண்ணீருக்கு மாறினேன். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றிலிருந்த ஈரம்தான், அதில் உப்பில்லை. வெயில் ஏற ஏற ஏசி அதிகம் ஓடும், தண்ணீரும் அதிகம் வரும். செடிக்குத் தேவைப்படுகிற காலத்தில் சரியாக வந்து நிற்கிற தண்ணீர் சென்னையில் அது ஒன்றுதான். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் ஏசிக் குழாய்க்குக் கீழே ஒரு பழைய எண்ணெய் கேனைக் கட்டிவிட்டுப் போக விட்டார்கள், நிறைந்ததும் போன் செய்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் ஐஸ் மோர் வேறு கொடுத்து அனுப்புவார்கள். அந்த மோரை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் ஏசி கிடையாது, அதனால் அங்கே போய்க் கேட்கும் சங்கடமும் இல்லை.

கோடை தாண்டியதும் ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து வெண்டை, கத்தரி, அவரை போட்டேன். புரட்டாசியில் மாடி பச்சைப் பசேலென்று இருந்தது. அவரைக் கொடி நிழல்வலைக் குழாயில் ஏறி மறுபக்கம் தொங்கியது. அன்றைய காலைகளில் நான் யாரிடமும் சண்டை போட்டதாக ஞாபகம் இல்லை. வேலை போனதை மறந்தே போயிருந்தேன். எழுந்ததும் மேலே போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே நேற்று இல்லாத ஒரு பூ இருக்கும் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த இடம் பறிபோன பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி மழைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். வலையை முன்கூட்டியே அவிழ்த்துவிட்டேன், காற்றில் அது குழாயோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். கைப்பிடிச் சுவர்மேல் இருந்த தொட்டிகளை இறக்கி வைத்தேன். உரம் போடுவதை நிறுத்தினேன். மழையில் போடுகிற உரம் கால்வாய்க்குத்தான் போகும். ஒன்றை மட்டும் கோட்டைவிட்டேன். மாடித் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் என் அவரைச் சருகும் தென்னைநாரும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. விடாமல் கொட்டின ஒருநாள் சந்தேகம் வந்து மேலே ஓடினேன். மேற்கு மூலையில் கணுக்கால் முழுகத் தண்ணீர் நின்றது. முட்டி போட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டு அள்ளி அள்ளிப் போட்டேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. இறங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தலையைத் துவட்டினேன்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அந்த அம்மா போனை நீட்டினார். சீலிங் மூலையில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம், சுற்றிலும் பழுப்பு விளிம்பு.

"சொன்னேனா இல்லியா?" என்றார்.

கட்டடம் பழசு, செடி இல்லாவிட்டாலும் ஒழுகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குழாயை அடைத்தது என் சருகுதான். கொத்தனாரை வைத்துப் பூசிவிட்டுத் திரும்ப வைக்கலாமே என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான். யார் தயவும் எனக்கு வேணாம்" என்று குதித்தேன். மழை விட்டதும் எல்லாவற்றையும் இறக்கினோம். அக்கம்பக்கத்துப் பால்கனிகளுக்குச் சில தொட்டிகள் போயின. மற்றவை பின்பக்கம், வெயிலே படாத சந்தில் வரிசையாக நின்றன. மேற்கு மூலையைக் கொத்தனார் பூசிக் கொடுத்தார். மாடி வெறிச்சென்று ஆனது.

அடுத்த தையும் மாசியும் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல பருவம் கண்ணெதிரே வீணாகப் போகிறதே என்று வயிறு எரிந்தது. நடைப்பயிற்சி போகிறேன் என்று பீச்சுக்குப் போய், குப்பை போடுகிறவர்களை முறைத்துவிட்டு வருவேன். படியில் அந்த அம்மாவைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுவேன்.

சித்திரை பாதி கடந்து கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. ஒரு மதியம் கதவைத் திறந்தால் அந்த அம்மா நிற்கிறார். ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"அந்தச் செடியெல்லாம் இன்னும் கீதா?" என்றார்.

"கொஞ்சம் பின்னாடி சந்துல இருக்கு. ஏன், அங்கயும் ஈரம் தெரியுதா?"

கேட்ட மாத்திரத்திலேயே, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் பதிலுக்குச் சீறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு நிமிசம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்க மேடம்."

அதுவரை நான் அந்த அறைக்குள் போனதில்லை. வாசலிலேயே அனல் முகத்தில் அடித்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றி மேலே இருந்த சூட்டையெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. அந்த அம்மாவின் கணவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின் மேல் ஒரு ஈரத் துண்டு, அதன் ஓரங்கள் காய்ந்து விறைத்திருந்தன. என்னைப் பார்த்ததும் இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். அது வணக்கம் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

"தூங்கி எவ்ளோ நாளாச்சு. ராவும் கிடையாது, பகலும் கிடையாது. சோறும் எறங்கல. இப்டியே போச்சுன்னா ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஏசி போட்டா சளி கட்டிக்கினு இழுக்குது. ஒருவாட்டி வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாத்து பட்டாச்சு" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து மறுபடி நனைத்தார். "போன வருசம் இந்த ரூமு இப்டி இல்ல மேடம். வெயிலு இந்த வருசம் ஜாஸ்தியாக்கும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா நான் தைக்கிற ரூமு போன வருசமும் இதே கொதிதான். இது மட்டும் போன வருசம் ஜில்லுனு கெடந்திச்சி. அப்பறம்தான் ரோசன வந்துச்சி. இதுக்கு மேலதானே உன் செடி இருந்திச்சி."

பேச்சுவாக்கில் 'உன்' என்று வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"ஆயுசு பூரா லைட்டு சூட்டுல நின்ன மன்சன்க்கா. இப்ப படுத்த எடத்துலயும் வேகணுமா?"

நான் மாதக்கணக்காகக் கட்டிக் காத்த கோபம் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடினால்கூடக் கிடைத்திருக்காது. ஒரு கோடை முழுக்க நான் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நிழல் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு மனிதர் அந்த நிழலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "ராத்திரிக்குள்ள ஏதாவது பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

கத்திரியில் எதையும் நடாதே என்பதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். நாற்று சுருண்டுவிடும், விதை மண்ணுக்குள்ளேயே வெந்துவிடும். ஆனால் இந்த முறை அறுவடைக்காக நடவில்லையே. காய் வேண்டாம், பூ வேண்டாம், தரையை மூடினால் போதும். அப்படி யோசித்ததும் வழி தெரிந்தது. காம்பவுண்டுத் தென்னைமரத்தில் வெட்டிப் போட்டிருந்த கீற்றுகளை வீட்டுக்காரரும் வாட்ச்மேனும் அன்று சாயங்காலமே மேலே ஏற்றினார்கள். நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினோம். செங்கல் அடுக்கி, அதன்மேல் கீற்றுகளைப் பரப்பி, இடையில் ஈரச் சாக்குகளைப் போட்டோம். குழாய் வாய்க்கு முதல் வேலையாக ஒரு கம்பிவலை மாட்டினேன். அதை மாட்டும்போது அந்த அம்மாவே டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

சந்தில் நின்ற தொட்டிகள் முதலில் ஏறின. பாதி செத்திருந்தன, பரவாயில்லை, ஈரமண் இருந்தாலே தரைக்கு ஒரு போர்வைதான். பிறகு பால்கனிகளுக்குத் தானமாகப் போனவற்றைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது போல மானம் போகிற வேலை வேறில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒருவரும் தயங்கவில்லை. மோர் கொடுக்கும் வீட்டில் என் கறிவேப்பிலை தளதளவென்று வளர்ந்திருந்தது. அவர்கள் அதோடு தங்கள் சொந்தக் கற்றாழைத் தொட்டிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். லிப்ட் இல்லாத கட்டடம், தலையில் அடிக்கிற வெயில், யாரும் கேட்காமலே செய்தார்கள். இதை எழுதும்போதும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. நேரில் சொன்னால் "அட போங்க" என்பார்கள், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

புதிதாக விதைத்தவை எதற்கும் பயப்படாத ஜாதி. தண்டுக்கீரையை நெருக்கமாகத் தூவினேன், முளைத்ததைப் பிடுங்கி இடைவெளி விட்டு நடவில்லை. காராமணி போட்டேன். பெரிய பைகளில் பரங்கி விதையை ஊன்றி, கொடி கிளம்பியதும் கீற்றுகளின்மேல் படர விட்டேன். பொழுது சாய்ந்ததும் ஏசி தண்ணீர். விடியும்போது இன்னொரு முறை. மேலே ஒரு படுக்கை சருகு போட்டு மூடினால் மதியம்வரை மண் காயாது. கேன்களைத் தூக்க இப்போது அந்த அம்மாவும் வந்துவிட்டார். தொட்டி இடமாறினால் சத்தம் போடுவார்.

"அக்கா, அத்த அந்தாண்ட தள்ளாத. அவரு தல வெச்சிக்கினு கீற எடம் அது. நெருக்கிப் போடு."

முதல் இரண்டு நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த அம்மா தினமும் உச்சி வெயிலில் ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு மேலே வந்து உதட்டைப் பிதுக்குவார். வெறும் கீற்றையும் சாக்கையும் நம்பி ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு விளையாடுகிறோமோ என்று பயந்தேன். அடையாற்றில் எந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் விசாரித்து வைத்துக்கொண்டார். பிறகு ஒரு மதியம் அந்த அம்மா "கை வெக்க முடியுதுக்கா" என்றார். இன்னும் சில நாள் கழித்து, ஃபேனிலிருந்து காற்று காற்றாகவே வருகிறது என்றார். அவர் கணவர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாராம். தூக்கம் மட்டும் பிடிபடவில்லை.

பரங்கி இலை கையகலம் விரிந்திருந்த ஒரு நாள். மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே போனேன். ஒரு பை சாய்ந்திருந்தது, அதை இழுத்து நிமிர்த்தினேன். தரையில் கறகறவென்று சத்தம் கேட்டது. அடுத்த பையையும் இழுக்கப் போனபோது அந்த அம்மா படியேறி ஓடி வந்தார். செருப்பில்லை. வெயிலில் காய்ந்த தரையில் துள்ளித் துள்ளி நடந்து நிழலுக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது, முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன ஆயிற்றோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாச்சும்மா?" என்றேன்.

அவர் வாயில் விரலை வைத்தார்.

"இழுக்காதக்கா" என்றார் குரலே இல்லாமல். "தூங்கறாரு. குறட்டை வுட்டுத் தூங்கறாரு."

பையை அப்படியே விட்டேன். அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு செங்கல் மேல் உட்கார்ந்து அழுதார், சத்தம் வராமல். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கீழே அவர் விழித்துக்கொள்ளும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கே அசையாமல் இருந்தோம்.